என்னை நடக்க விடுங்களேன்

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. கச்சிராயபாளையத்தில் இருந்தோம். எனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து, வலது பக்கம் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை நான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் முதலில் விசாரித்தார்கள். அந்தக் கதையை விடுங்கள்.

கிளம்பும்போது டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். படுத்தே கிடந்தால் சளி கட்டும், மிச்சமிருக்கிற நுரையீரலும் சோம்பிப்போகும். தினமும் நட, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. மூச்சு வாங்கத்தான் செய்யும், நடக்கும்போது பேச்சு வருகிற வரைக்கும் பயப்படாதே என்றார். வீட்டுக்காரர் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். பிறகு நான் சொன்னபோது, எந்த டாக்டராவது அப்படிச் சொல்வாரா என்று என்னையே கேட்டார்.

எங்கள் ஊரில் அப்போது சும்மா நடப்பது என்று ஒன்று கிடையாது. நடந்தால் எங்காவது போயாக வேண்டும். வாசலைத் தாண்டினாலே, "இன்னாக்கா, எங்க போறீங்க?" எங்கேயும் இல்லை என்றால் விடமாட்டார்கள். "ஒடம்பு முடியாத நேரத்துல எதுக்குக்கா அலைஞ்சிக்கினு?" என்று கையைப் பிடித்து உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். கரும்பு ஏற்றிய வண்டியை நிறுத்தி ஏறச் சொல்வார்கள். மாட்டேன் என்றால் கோபம் வேறு. எல்லாரையும் சமாளித்து ஊருக்கு வெளியே இருக்கிற அணைப் பக்கம் திரும்பினால் பின்னாலேயே சைக்கிள் மணி கேட்கும். வீட்டுக்காரர். "ஏறு" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவேன். ஊரே சேர்ந்து அன்பாகவே என்னைக் கொன்றுவிடும் போலிருந்தது.

பயந்தது போலவே சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் வீட்டுக்காரர் சைக்கிளிலேயே கூட்டிப்போனார். அந்த டாக்டரும் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்த தடவை தாங்காது, நடந்தே ஆகணும் என்று கண்டிப்பாகச் சொன்னார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டார். வெளியே வந்ததும் சைக்கிளைத் திருப்பி நிறுத்திவிட்டு, "ஏறு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் கத்தியிருப்பேன்; அடக்கிக்கொண்டு ஏறினேன்.

திரும்பும் வழியில் மறியலுக்காகப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, வண்டி இல்லை. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் கிளைகளைப் பிடித்து ஏறி இறங்கினேன். மூச்சு இரைத்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த திட்டை எல்லாம் கொட்டிக்கொண்டே முன்னால் போனேன். திரும்பிப் பார்த்தால், சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மரத்தின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"உனுக்கு மூச்சு வாங்குற சத்தம் இருக்குது பாரு, அத்த என்னால கேக்க முடியல. எங்க அப்படியே நின்னுபூடுமோன்னு இருக்குது."

அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அதற்கும் திட்டினேன். திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். "பேசிக்கினேதானங்க வரேன்? பேச்சு வர்ற வரைக்கும் பயமில்லன்னு டாக்டரு சொன்னாரு" என்றேன். எழுந்து, மிச்ச தூரத்தை மெதுவாகச் சேர்ந்தே நடந்தோம்.

காய்ச்சல் விட்டபின் தினமும் அவரும் கூட நடந்தார். எங்கே போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் அவரே பதில் சொல்வார். நான் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு வந்தால், "ஏதாவது பேசு" என்பார்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் என்னை நடக்கவிடாமல் மறித்த அத்தனை பேரும் நான் பிழைக்கவேண்டும் என்று நினைத்தவர்கள் என்பதால், இன்றுவரை ஒருவர் மேலும் என்னால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.