தைத்து மூடிய கடைசி அத்தியாயம்

அம்மாவும் பெரியம்மாவும் ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தார்கள். அந்த ஒன்றரை வருடமும் அவர்கள் பேசாமல் பேசியதையெல்லாம் சுமந்து திரிந்தவள் நான்தான்.

சண்டை தொடங்கியது பெரியம்மாவின் மகள், என் அக்கா, பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டில். பிள்ளைக்குப் பால் அறுகு வைக்கவும் தேங்காய் உடைக்கவும் தாய்மாமன் வேண்டும். எங்கள் மாமாவோ வன்னியில் இருந்தவர். போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பெரியம்மா தூரத்து உறவில் தம்பி முறையான ஒருவரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அண்ணை இருக்கும்போது அவருடைய இடத்தில் இன்னொருவரா என்று கேட்டுவிட்டு, அம்மா மண்டபத்திலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சாப்பிடாமல் வந்தது ஒரு கவலை. பிரெஞ்சுப் பள்ளி விடுமுறைக்கு லா கூர்னெவில் இருக்கும் பெரியம்மா வீட்டில் போய் நிற்பதும், அக்காவின் அடுக்குக் கட்டிலில் மேலே ஏறிப் படுப்பதும் அதோடு நின்றுபோனது அதைவிடப் பெரிய கவலை.

ஆனால் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் கதைப் புத்தகப் பைத்தியம். ஊருக்குப் போய் வருபவர்களிடம் சொல்லியும், லா சப்பல் தெருவின் தமிழ்ப் புத்தகக் கடையிலும் இருவருமாகச் சேர்ந்தே வாங்கிய புத்தகங்கள் இரண்டு வீட்டிலும் கலந்து கிடந்தன. அவற்றை மாற்றாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் எனக்கும் அக்காவுக்கும் லா சப்பலில் தமிழ் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் அக்காவைக் கூட்டிப்போகப் பெரியம்மா வருவார். எங்கள் வீடு இருந்த வில்லியே லே பெல்லிலிருந்து என்னைக் கூட்டிவந்த அம்மா, பெரியம்மா போகும்வரை எதிர்க் கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு மனுசி அவ்வளவு நேரம் முருங்கைக்காய் பார்த்ததை அந்தக் கடைக்காரர் வேறெங்கும் கண்டிருக்கமாட்டார்.

புத்தகப் பை என் கையில் இருக்கும். எந்தப் புத்தகத்தையும் அம்மா சும்மா கொடுத்துவிடமாட்டார்.

"இது பேய்க்கதை. ஆனா பேய் நல்ல மனுசி எண்டு உன்ரை பெரியம்மாட்டைச் சொல்லு. மற்றது பயணக்கதை. பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடு வருது, பசியோடை வாசிக்க வேண்டாமெண்டு சொல்லு."

பெரியம்மாவின் பதில் அடுத்த கிழமை வரும். "பேய் நல்லதுதான். பேயின்ரை மாமியார்தான் சரியில்லை எண்டு கொம்மாட்டைச் சொல்லு."

பெரியம்மாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. புத்தகம் கைக்கு வந்ததும், சனிக்கிழமைச் சனம் இடித்துக்கொண்டு போகிற அந்த நடைபாதையிலேயே நின்று கடைசிப் பக்கத்தை வாசிப்பார். கதையில் யாராவது வீட்டை விட்டுப் போயிருந்தால் அவர் திரும்பி வந்தாரா என்று பார்ப்பார். "வந்திடுறான்" என்று முணுமுணுத்தால் புத்தகம் பைக்குள் போகும். இல்லாவிட்டால் என் கைக்கே திரும்பி வரும். இது கள்ள விளையாட்டு என்று அம்மாவிடம் முறையிட்டேன். அதற்குப் பிறகு நான் சுமந்தது பேய்க்கதையோ சிரிப்புக்கதையோ துப்பறியும் கதையோ, எல்லாவற்றிலும் காணாமற்போனவர்கள் கடைசியில் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தார்கள்.

பிறகுதான் அந்தத் தடித்த நாவல் வந்தது. அம்மா அதை வாசித்த நாட்களில் எங்கள் வீட்டில் பருப்பு இரண்டு முறை அடிப்பிடித்தது. சமையலறையில் தனியாக நின்று சிரிப்பார். முடித்த அன்று மட்டும் சிரிக்கவில்லை. ஊசியும் நூலும் எடுத்து, கடைசி அத்தியாயத்தின் பக்கங்களை ஓரமாகச் சேர்த்துத் தைத்துவிட்டார்.

"இதை வாசிக்காமல் விட்டால் அவவுக்குத்தான் நட்டம். கடைசியை மட்டும் திறக்க வேண்டாமெண்டு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். பெரியம்மா நடைபாதையில் நின்று அந்தத் தையலின் மேல் விரலை ஓட்டினார்.

"இன்னும் இவள் கோணலாத்தான் தைக்கிறாள்" என்றார். புத்தகம் பைக்குள் போனது.

சில கிழமைகள் கழித்து அது திரும்பி வந்தது. நூல் அறுபடவில்லை.

"தைச்ச இடம் வரைக்கும் வாசிச்சிட்டன். நல்ல கதை. மிச்சத்தைத் தனிய வாசிக்க என்னாலை ஏலாது எண்டு கொம்மாட்டைச் சொல்லு."

வீதியைக் கடந்து போய் அதைச் சொன்னேன். அம்மா கையிலிருந்த முருங்கைக்காயைக் குவியலில் வைத்தார். பெரியம்மா அதற்குள் ரெயில் நிலையப் பக்கம் நடந்துவிட்டிருந்தார். அம்மா கடை வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டார். லா சப்பலில் அக்கா என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். பார்த்தது. பெரியம்மாவும் பார்த்தார்.

அன்று நாங்கள் வில்லியே லே பெல்லுக்குப் போகவில்லை. நால்வருமாக லா கூர்னெவுக்குப் போனோம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நானும் அக்காவும் அறைக்குள் ஓடிவிட்டோம். கூடத்தில் பெரியம்மா கத்தரிக்கோலால் நூலை வெட்டிக் கொடுக்க, அம்மா உரக்க வாசிக்கும் சத்தம் கேட்டது. சத்தம் நின்று நேரமாகியும் சாப்பிடக் கூப்பிடவில்லையே என்று எட்டிப் பார்த்தால், இருவரும் ஒரே சோபாவில் இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். வெறும் கதைதானே என்று அக்கா பிரெஞ்சில் சொன்னாள்.

"ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சாகேல்லை. போனவன் வரேல்லை, அவ்வளவுதான்" என்றார் பெரியம்மா.

சாகவில்லையென்றால் அழுவதற்கு என்ன இருக்கிறது? எனக்கு வழி உடனே தெரிந்துவிட்டது.

"அப்ப ரெண்டாம் பாகத்திலை வருவார். லா சப்பல் கடையிலை கேப்பம்."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, கேட்டுப் பாப்பம்" என்றார் அம்மா.

இவ்வளவு புத்தகம் வாசித்தவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டு, பெருமையோடு போய் அக்காவின் மேல்கட்டிலில் ஏறிப் படுத்தேன்.