ஒரு மூட்டை மாவுக்கு வாங்கிய பெயர்

டொலீனா மெக்னாவியைப் பேச வைப்பது கஷ்டம். பேச ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆடு வளர்த்தாள், தம்பி ஃபார்க்கருக்குச் சமைத்துப் போட்டாள். ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் கோடைதோறும் இருவரும்தான் புல் அறுப்பார்கள். அதற்கு யாரும் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

ஃபார்க்கர் செத்துப்போனான். அம்மாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டலாம் என்று, பக்கத்து வீட்டுக்காரனான நானும் அவளும் மண்வெட்டியோடு போனால், தோட்டக் கதவில் பூட்டு. நிலத்தை மெக்னாவி குலச்சங்கம் வாங்கிவிட்டதாம். மெக்னாவி ரத்தம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இனி இடமாம்.

ரத்தம்! அடிபட்ட அரசனை முதுகில் சுமந்துகொண்டு ஆதி மெக்னாவி இந்த ஏரியை நீந்திக் கடந்தானாம். மெக்னாவி, அதாவது 'நீச்சல்காரன் மகன்' என்று பெயர் வந்தது அப்படித்தானாம். ஜூலைக் கோடையிலேயே கால் வைத்தால் விறைத்துப்போகும் ஏரி இது. அரசன் இரும்புக் கவசம் வேறு போட்டிருந்தானாம். இந்தப் புளுகை வாய் கூசாமல் சொல்கிறவர்கள்தான் டொலீனாவின் ரத்தத்தை எடைபோட வந்தார்கள்.

அவள் வீட்டாருக்குப் பெயர் வந்த கதையில் நீச்சல் கிடையாது. ஒரு பஞ்சத்தில், படைக்கு ஆள் போதாத குலத்தலைவன், தன் பெயரை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு என்றான். பசித்தவர்கள் வைத்துக்கொண்டார்கள். அன்று முதல் அவர்கள் 'மாவு மெக்னாவி'.

சனிக்கிழமை குலக் கூடுகை. தோல்பைக் குழல் இசை ஓய்ந்ததும், போரில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க நினைவுத் தூணருகே சங்கத் தலைவர் லாக்லன் எழுந்தார். டொலீனா சுத்தியும் உளியுமாக முன்னால் போனாள். பின்னால் மாவு மூட்டையைச் சுமந்தவன் நான்.

"என்னம்மா டொலீனா, இன்னைக்குப் போயா? அப்புறம் பேசிக்கலாமே."

"என் தம்பி வீட்டுல பொணமா கெடக்கான். அப்புறம்னா எப்போ?" மூட்டையை அவிழ்த்து அவர் காலடியில் கொட்டினாள். "இந்தாங்க உங்க மாவு. எங்க ஆளுங்களைத் திருப்பிக் குடுங்க."

"எந்த ஆளுங்களை?"

"இந்தத் தூண்ல இருக்கிறவங்களைத்தான்! அலெக், எங்க பெரியப்பா. கென்னத், தாத்தாவோட தம்பி. எல்லாம் மாவு வீட்டுப் பசங்க. சாக அனுப்பும்போது ரத்தம் பாத்தீங்களாய்யா? உங்க வீட்டுப் பேரு இதுல எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்!"

காட்ட ஒரு பெயரும் இல்லை.

"அப்போ எங்காளுங்களை நானே எடுத்துக்கறேன்." அலெக்கின் பெயர்மேல் உளியை வைத்து ஓங்கி அடித்தாள். கல் தெறித்தது. அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். அழுதுகொண்டே மறுபடி சுத்தியை ஓங்கினாள்.

"நிறுத்தும்மா!" லாக்லன் இடுப்புப் பையைத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினார்.

அன்று மாலையே ஃபார்க்கரை அம்மா பக்கத்தில் புதைத்தோம். கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள் டொலீனா. மறுவருடம், முன்னோர் கல்லறையில் மலர்வளையம் வைக்க வேண்டும் என்று சங்கத்தார் சாவி கேட்டு வந்தார்கள்.

"தாராளமா," என்றாள். "முதல்ல நீந்திக் காட்டுங்க."