நான் மொழிபெயர்க்காத வரி

அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்குமுன், அதன் ஆபத்துகளைக் கையெழுத்திடுபவருக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்பது விதி. ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில், விதிகளைப் பிறருக்குச் சுட்டிக்காட்டியே ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை மீறியது மருத்துவமனை அல்ல. நான்தான்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு முதல் மாடியில். சென்ற ஆண்டு, பாதிப் படியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தேன். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவு) பழுதாகியிருந்தது. மார்பைத் திறந்து மாற்ற வேண்டும் என்றார்கள்.

அறுவை மருத்துவர் மைசூர்க்காரர். படிவத்தில், ரத்தக் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளலாம் என்றிருந்த வரியைக் காட்டி, மனைவி உடன் இல்லாதபோது விளக்கம் கேட்டேன்.

“ஹார்ட்ட ஓபன் பண்ணா உள்ள காத்து போகும் சார். மூடறப்ப அத்தனையும் வெளிய எடுத்துடணும். ஒரு குமிழ் தங்கிட்டாக்கூட ரத்தத்தோட மூளைக்குப் போயிடலாம்.”

“எப்படி எடுப்பீங்க?”

பொறுமையாகச் சொன்னார். திறந்த மார்புக்குள் கரியமில வாயுவைப் பரப்புவார்கள். அது காற்றைவிட எளிதாக ரத்தத்தில் கரையும். தலைப்பக்கம் தாழ்த்தி, நுரையீரலை ஊதி, மிச்சக் காற்றைத் தள்ளி உறிஞ்சுவார்கள். உணவுக்குழாய் வழியே இறக்கிய எக்கோ கருவியில் (ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகக் காட்டுவது) குமிழ்கள் தீர்ந்தனவா என்று பார்ப்பார்கள்.

“இவ்வளவும் பண்ணாலும் ஜீரோன்னு எழுதித் தர முடியாது. நீங்க எஞ்சினியரா?”

“நிர்வாகம்.”

“அய்யோ, அது இன்னும் கஷ்டம்.”

படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. என் மனைவி வசந்தா ஆம்பூர்க்காரி. கன்னடத்தில் சண்டையே போடுவாள். படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். அவளும் கையெழுத்திட வேண்டும். நர்ஸ் அவசரத்தில் இருந்தார். “நீவே ஹேள்பிட்டு சைன் ஹாக்ஸி சார்” என்றார். நீங்களே சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள் என்று பொருள்.

படித்துச் சொன்னேன். ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, சிறுநீரகம், துடிப்பு தாறுமாறாவது. ஐந்தாவது வரி காற்று. அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன். அவள் பயப்படக்கூடாது என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த வரியில் என் குரல் நடுங்கிவிடும் என்று பயந்தேன்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது வலக்கை விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் ‘சாவி’ என்று வந்தது. காற்றுக் குமிழாக இருக்கலாம், படிவத்திலேயே இருந்ததே என்று வெளியே மருத்துவர் வசந்தாவிடம் சொல்லியிருக்கிறார். “அதுல அது இல்ல டாக்டர்” என்று நான்கு ஆபத்துகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்திருக்கிறாள். அவர் ஐந்தாவது வரியில் விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்தவள் கேட்டாள்:

“ரத்தம் படிச்சீங்க, கிருமி படிச்சீங்க, கிட்னி கூட படிச்சீங்க. காத்து மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

பதில் சொல்ல நாக்கு ஒத்துழைக்கவில்லை. என் தரப்பு விளக்கம் இல்லாமலே ஒரு விசாரணை முடிந்தது அதுவே முதல்முறை.

வீடு திரும்பியபோது அவரைக்காய் சீசன். இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் தசைகளைப் பழக்குபவர்) கொடுத்த ரப்பர் பந்தை வசந்தா அலமாரியில் வைத்துவிட்டு, தோலுரிக்க ஊறவைத்த அவரைப் பருப்பைக் கிண்ணத்தோடு நீட்டினாள். “பிதுக்குங்க. குழம்பாவது ஆகும்.” முதல் நாள் பாதிப் பருப்பு சுவருக்குப் பறந்தது. சீசன் முடிவதற்குள் என்னால் சட்டைப் பொத்தான் போட முடிந்தது.

கை திரும்பியது, அவள் நம்பிக்கை திரும்பவில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் நான் விளக்கியபின், அதை எடுத்துக்கொண்டு கீழே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் இன்னொரு முறை கேட்டுவருவாள். நாற்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். மெடிக்கல் ஷாப்காரர் என் மேல்முறையீட்டு அதிகாரி ஆனார்.

மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். வந்தது காற்றுதானா? தமிழிலும் படிவம் வைப்பீர்களா? இரண்டு நினைவூட்டல்களும் அனுப்பினேன்.

இதே அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு: காற்றை எப்படி வெளியேற்றுவீர்கள் என்று கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். வெளியே உட்காரப்போகிறவருக்கு எல்லா வரிகளையும் படித்துக் காட்டுங்கள். உள்ளே நமக்கு மயக்க மருந்து உண்டு. வெளியே இருப்பவருக்கு அது கிடையாது.

இப்போது படிகளை நிற்காமல் ஏறுகிறேன். சொற்கள்தான் கொஞ்சம் தாமதமாக வருகின்றன. முன்பு அடுத்தவர் வாக்கியத்தை நான் முடித்துவைப்பேன். இப்போது என் வாக்கியத்துக்கே காத்திருக்கிறேன். அந்த இடைவெளியில் மூச்சு போய்வருவது தெரிகிறது. அவசரம் எதுவும் இல்லை.

ஒருநாள் மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. வசந்தாவை உட்காரவைத்துப் படித்தேன். மூடும்போது எக்கோவில் குமிழ்கள் தெரிந்தன, முறைப்படி அகற்றினோம், சில தப்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல இயலாது. தமிழ்ப் படிவம் பரிசீலனையில். எனக்குப் பழக்கமான நடை.

கடைசி வரி: மூளை ஸ்கேனில் தெரிந்த இரண்டு புள்ளிகளில் ஒன்று ஆறாது, பேச்சுத் தடுமாற்றம் நிலைத்துவிடலாம். குரல் நடுங்கத்தான் செய்தது. படித்தேன்.

“நிலைச்சுன்னா? எப்பவுமேவா?”

“எப்பவுமேதான்.”

கடிதத்தை என்னிடமிருந்து வாங்கினாள். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“கீழ போய்க் கேக்கலையா?”

“எதுக்கு? அதான் படிச்சீங்களே.”

அன்று கன்னட வருடப் பிறப்பான யுகாதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.