அடுப்படிக்குள் ஓடிய ஆறு

தெருக்காரர்கள் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் ஒல்லி, செய்வதும் மண்ணைக் குத்துகிற வேலை. மெஷின் இல்லாமல் கையாலேயே குழாய்க்கிணறு இறக்கும் கைபோர் போடும்போது, கணவன் நெம்புகிற கம்பை அழுத்திக் குழாயை ஏற்றி இறக்க, அவள் அதன் வாயை உள்ளங்கையால் மூடித் திறப்பாள். குபுக்கென்று எழும் சேறு கையில் பட்டதுமே களியா மணலா என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் கோடையில் ஆறு வற்றி, கடல்நீர் உள்ளே ஏறி, தெருக்கிணறு உப்பாகிவிட்டது. தாழ்ந்த வயலில் ஊசி போட்ட இரண்டு குழியிலும் களியும் கரிப்பும்தான்.

"நாளைக்கு போர் மெஷின்காரனை வரச் சொல்லிட்டோம். கோவிச்சுக்காத தாயி," என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

மெஷின் ஒருமுறை தெருவுக்குள் வந்துவிட்டால் கைபோரை அப்புறம் யார் சீந்துவார்கள்? ஊசி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். அடுப்படிப் பின்கதவில் நின்று கை கழுவி, வாளியில் மிச்சமிருந்ததை வீசி ஊற்றினாள். ஊற்றிய சுவடே இல்லை. மண் மடக்கென்று குடித்துவிட்டது. காலையில் வயலில் கொட்டிய தண்ணீரோ இன்னும் குட்டையாகக் கிடந்தது.

"ஏங்க, ஓடி வாங்க! தண்ணி தேங்குற இடத்துலயே தேடுனோமே, புத்தி கெட்டுப்போய்! தேங்குனா அடியில களி. நம்ம தெரு மட்டும் ஏன் மேடா இருக்கு? முன்ன ஆறு இந்த வழியாத்தான் போயிருக்கு. மணலைக் கொட்டிக் கொட்டித் தன் பாதையையே மேடாக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. பேஞ்ச மழையெல்லாம் அந்த மணலுக்குள்ளதான் கிடக்கும்!"

"சரி, எங்க குத்தணும்?"

மேட்டின் முதுகு நேரே வீட்டுக்குள் புகுந்தது. ஊசி அடுப்பைக் காட்டினாள். "இதை நகத்தணும். குழாய் உசரத்துக்கு நிக்கணும்ல, மேல ரெண்டு தகரத்தையும் கழட்டணும்."

"நல்லா வாய்ச்சா மருமக!" என்று மாமியார் கத்தினாள். "நான் சோறு எங்க பொங்குறது, உன் தலையிலயா?"

"இன்னைக்கு மட்டும் வாசல்ல பொங்குங்க அத்தை!"

குழாயில் முதலில் சாம்பல் வந்தது, செங்கல் துண்டு வந்தது. பிறகு உள்ளங்கையில் நறநறவென்று பருமணல். கூடவே ஆற்றுச் சிப்பி! ஊசி கூவியதில் தெருவே வாசலில் கூடிவிட்டது. தண்ணீர் கலங்கி, வெளுத்து, தெளிந்தது. ஒரு வாய் குடித்தாள். ஆசையில் இனிக்கிறதோ என்று தன் நாக்கின் மேலேயே சந்தேகம். டம்ளரை மாமியாரிடம் நீட்டினாள்.

மாமியார் கொப்பளித்து, முகத்தைச் சுளித்து, இன்னொரு வாய் குடித்தாள்.

"உப்பு பத்தலை," என்றாள்.

கூரையில்லாத அடுப்படி சிரிப்பில் அதிர்ந்தது. முதல் குடத்தோடு உள்ளே பாய்ந்தவர் தையல்காரர்தான்.

"முதல்ல மெஷின்காரனுக்கு வர வேணாம்னு போன் போடுங்கண்ணே," என்றாள் ஊசி, கையைக் குழாய்வாயிலிருந்து எடுக்காமலே. "அப்புறம் குடத்தை வைங்க."