தம்பியைக் காப்பாற்றாத நாயகன்

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் நான் நர்ஸாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. தீபத்துக்கு முந்தின நாட்களில் எங்கள் வார்டில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள், கால் வெடித்துப் போனவர்கள் என்று தரையில்கூட ஆட்கள் படுத்திருப்பார்கள். அப்படி ஒரு காலையில்தான் அந்த லாரி டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்திருக்கிறார். ஒரு வளைவில், தீபம் பார்க்க நடந்து வந்த கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை இடது பக்கம் ஒடித்துப் புளியமரத்தில் மோதிவிட்டார். நடந்து வந்தவர்களில் ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் கிளீனர் உட்கார்ந்திருந்த பக்கம் அப்படியே நசுங்கிவிட்டது. அந்தக் கிளீனர் அவருடைய கூடப் பிறந்த தம்பி.

போலீஸ்காரர் கேட்டபோது இதையெல்லாம் அவர் சொன்னார். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் செங்கல் தொங்கவிட்டிருந்தோம். அசைய முடியாது. விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்காமல் போய்விடுவார். தீபம் முடிந்து பழைய நோயாளிகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவர் லாரி மோதி அடிபட்ட ஒரு டிரைவர், அவ்வளவுதான்.

அப்படிப் புதிதாக வந்தவர்களில் இரண்டு பேர். ஒருவர் தேரடித் தெருவில் தையல் கடை வைத்திருந்த பாய். சர்க்கரையால் காலில் ஆறாத புண். இன்னொருவன் சைக்கிளில் விழுந்து கையை உடைத்துக்கொண்ட கல்லூரி மாணவன். அவனுக்கு காமிக்ஸ் என்றால் உயிர். பஸ் ஸ்டாண்ட் கடையில் மாதாமாதம் வரும் ஒரு சாகசத் தொடரை அவன் நண்பர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். பறக்கக்கூடிய, மலையையே தாங்கக்கூடிய ஒரு நாயகன். டியூட்டி ரூமில் உட்கார்ந்து நானும் படித்திருக்கிறேன். மாலை நேரத்தில் மாணவன் அதைச் சத்தமாக வாசிக்க, படம் பார்க்க எழுந்து வரக்கூடியவர்கள் எல்லாம் அவன் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள்.

அந்த மாதம் வந்த கதைதான் பெரிய சண்டையைக் கிளப்பியது. அணை உடையப் போகிறது. நாயகன் சுவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை என்றால் கீழே இருக்கிற ஊரே போய்விடும். அதே நேரம் அணைக்குள் இருக்கிற சுரங்கத்தில் அவன் சொந்தத் தம்பி மாட்டிக்கொண்டு கத்துகிறான். நாயகன் சுவரை விடவில்லை. சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. அதோடு 'தொடரும்'.

வார்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"இவன்லாம் ஒரு ஹீரோவா? கூடப் பொறந்தவன் கத்தறான், காதுல வாங்காம நிக்கறான்!" என்றார் பாய்.

"ஊரே செத்துருக்கும் பாய். ஒரு உசுருக்காக அத்தனை பேரையும் விட முடியுமா?" என்றான் மாணவன்.

"அதெல்லாம் புக்குல படிக்க நல்லாருக்கும். வூட்டுக்குப் போயி பெத்தவளுக்கு இன்னா பதில் சொல்லுவான்? அத்த சொல்லு."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொலைகாரன் என்றார் ஒருவர். தியாகி என்றார் இன்னொருவர். நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். டிரைவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை என்று தெரிந்தது. "டாக்டர் வர்றாரு, எல்லாரும் அவங்கவங்க பெட்டுக்குப் போங்க" என்று பொய் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தேன்.

மறுநாள் அவருக்கு உடம்பு துடைத்துவிடும்போது மெதுவாகக் கேட்டார்.

"சிஸ்டர், அந்தக் கதையில அவங்களுக்கு அம்மா இருக்காங்களா?"

"தெரியலீங்க. கதையில அம்மா வரலை."

"அப்ப தப்பிச்சான்" என்றார்.

அதுவரை நான் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "உங்க அம்மா வரலீங்களா?"

"வராதுங்க. சின்னவன நாந்தான் கூட்டிட்டுப் போனேன். வேணாண்டா, அவன் படிக்கட்டும்னு அது அப்பவே சொல்லுச்சு." கையிலிருந்த துணியைத் திரும்பத் திரும்ப நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன்.

பாய்க்குப் புண் கட்டும்போது விஷயத்தைக் காதோடு காதாகச் சொன்னேன். இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னேன். சாயங்காலம் பாய் ஒற்றைக் காலைத் தாங்கித் தாங்கி டிரைவர் கட்டிலுக்குப் போனார். வீட்டிலிருந்து வந்த கமலாப்பழத்தை உரித்து, ஒவ்வொரு சுளையாக அவர் கையில் வைத்தார். அதற்குப் பிறகு தினமும் அவர் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்.

மாணவன் வீட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. மாவுக்கட்டைப் பிரிக்க மறுபடி வந்த அன்று, கையில் அடுத்த இதழோடு குதிக்காத குறையாக வார்டுக்குள் ஓடிவந்தான். முதல் பக்கங்கள் முழுக்க வாசகர் கடிதங்கள். பாதிப்பேர் நாயகனைக் கொண்டாடியிருந்தார்கள். பாதிப்பேர் இனி இந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். வாசகர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க என்று ஒரு குறிப்பு போட்டு, கதையையே மாற்றிவிட்டிருந்தார்கள். தம்பி சாகவில்லையாம். ஒரு குழாய் வழியாக நீந்தி வெளியே வந்துவிட்டானாம். கடைசிப் படத்தில் அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

வார்டில் கைதட்டல் அடங்க நேரமானது. பாய் மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

மாணவன் அந்தப் படத்தை டிரைவரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். தம்பியின் முகத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தார்.

"என்னாண்ணே, பேசவே மாட்டேங்கறீங்க. புடிக்கலையா?"

"புடிச்சிருக்கு தம்பி. இத்தனை பேரு எழுதிக் கேட்டாங்க, வந்துட்டான்." புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். "எங்க அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுவும் எழுதிப் போட்டிருக்கும்."

மாணவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் அவன் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். தாழ்வாரத்தில் என்ன சொன்னாரோ, அந்தப் பையன் உள்ளே வரவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தான்.

பொங்கல் கழிந்து டிரைவருக்கு டிஸ்சார்ஜ் எழுதினார்கள். அக்கா வீட்டுக்காரர் வருவார் என்று நினைத்தேன். வார்டு வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, கசங்கின நூல் புடவை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. மகன் கக்கத்தில் கட்டையை ஊன்றி எழுந்து நின்றபோது மட்டும் ஒரு தரம் பார்த்தார். பிறகு நேராக வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

டிரைவர் ஒவ்வொரு அடியாக வைத்துப் பின்னால் போனார். அந்த அம்மா திரும்பவே இல்லை. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுவார். கட்டை ஊன்றும் சத்தம் பக்கத்தில் வரும் வரைக்கும் முதுகைக் காட்டியபடியே நிற்பார். வந்ததும் மறுபடி நடப்பார். அப்படியே கேட்டைத் தாண்டி இருவரும் மறைந்துபோனார்கள். அந்த அம்மா அவரோடு எப்போதாவது பேசினாரா, மன்னித்தாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

எத்தனையோ வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று எங்கே நாலு பேர் வாதாடினாலும், அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருப்பவர் யாரென்றுதான் இன்றைக்கும் என் கண் முதலில் தேடுகிறது.