நீலத் துணியும் வினாகிரிப் போத்தலும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு நான் முதலில் கண்டது காரின் கூரையில் இருந்த வெள்ளைக் கறை. இரவு முழுவதும் மழை பெய்திருந்தது. மற்ற அழுக்கெல்லாம் கழுவப்பட்டுப் போக, அது மட்டும் கூரையிலிருந்து பொனட் வரை இறங்கி, முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கார் கருநீலம்.

கறை புதிதல்ல. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த குறுகிய ஒழுங்கையில், பக்கத்து வளவில் மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கொங்கிரீட்டில் ஊறிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காரின் மேல் விழுந்து, சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. இரண்டு மாதமாக நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் கோலத்திலேயே கொட்டாஞ்சேனையில் இருந்த பத்திரிகை அலுவலகத்துக்கு ஓட்டிப் போய் வந்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு என் மனைவியின் அக்காவுக்குத் தூதரகத்தில் நேர்முகம். அவருடைய கணவர் கலியாணமாகி மூன்றாவது மாதம் கனடாவுக்குப் போனவர். அக்கா ஆறு வருடமாக எங்களோடு இருந்தார். விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்திருந்தது. இந்த முறை கூப்பிட்டிருந்தார்கள்.

அக்கா கதவடியில் வந்து நின்று காரைப் பார்த்தார்.

“இது தானா விழுந்த கறையெண்டு நினைக்கிறீரோ, தம்பி?”

“கொங்கிரீட் தண்ணி, அக்கா. மேல பாருங்கோ, இப்பவும் ஒழுகுது.”

“ஒழுங்கையில ஏழு கார் நிக்குது. எங்கட காரில மட்டும் ஒழுகுதாக்கும். எண்பத்து மூண்டுக் கலவரத்திலயும் முதல்ல ஆரோ வந்து கேற்றைப் பார்த்துப்போட்டுத்தான் போனவங்கள்.” குரலைத் தாழ்த்தினார். “எது எப்பிடியோ, நாளைக்கு இந்தக் கோலத்தில அந்த வாசல்ல போய் நிக்கேலாது. அழிச்சு விடும்.”

சுண்ணாம்புக் கறையைச் சுரண்டக் கூடாது; பெயின்ற் கீறுப்படும். குசினியில் சமையலுக்கு வைத்திருந்த தென்னை வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பழைய பனியனை நனைத்துக் கறையின் மேல் விரித்து வைத்தேன். சிறிது நேரத்தில் ஓரங்களில் நுண்ணிய குமிழிகள் எழுந்தன. வெயில் ஏறுவதற்கு முன் கழுவித் துடைத்தேன். நாலைந்து முறை அப்படிச் செய்தபின் கறை போயிற்று. ஆனால் அது இருந்த இடம் மற்ற இடங்களைவிடக் கருமையாகத் தெரிந்தது. பழைய பெயின்ற் முழுக்க வெளிறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஆகவே முழுக் காரையும் பெயின்ற்றை மெருகேற்றும் கொம்பவுண்ட் பசை போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று. துணிகளில் காரின் நீலம் இறங்கியது. மத்தியானத்துக்குள் கார் வேறு கார் போல நின்றது. துணிகளையும் மிச்ச வினாகிரிப் போத்தலையும் டிக்கியில் போட்டேன். போத்தலில் லேபல் இல்லை.

எதிர்ப்பக்கத்துத் தையல் கடைக்காரர், ஒழுங்கையில் நீண்டகாலமாக இருக்கும் முஸ்லிம், வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா சேர், காரு புதுசாட்டம் ஈக்குது. விக்கப் போறீங்களா?”

“இல்லை, சும்மா.”

“சும்மா யாரு சேர் இப்படித் தேய்க்கிற? எங்கயோ பயணம் ஈக்குது.”

போர் நடந்த அந்த வருடங்களில் வெளிநாட்டு அலுவலை விமானம் ஏறும்வரை யாரும் வாய்விடுவதில்லை. ஆள் போகப் போகிறது என்று தெரிந்தால் பொலிசுக்கு மொட்டைக் கடிதம் போகும் என்று சொன்னார்கள். கடிதம் போட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆனாலும் நானும் சொல்வதில்லை. ஜன்னலுக்குள் நின்று அக்கா தலையை அசைப்பது தெரிந்தது.

“நாளைக்கு ஒரு கலியாணவீடு,” என்றேன்.

“மாஷா அல்லாஹ். யாருக்கு?”

“தூரத்துச் சொந்தம்.”

அவர் தலையாட்டினார். பார்வையைக் காரிலிருந்து எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். அக்கா பின்சீற்றில் பட்டுச்சேலையும் மடியில் விண்ணப்பக் கோவையுமாக இருந்தார். காலி வீதி என்னும் பெருந்தெருவில் இருந்த சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய்க்கு என் காரைத் தெரியும். வழக்கமாகக் கையை அசைத்து விட்டுவிடுவான். அன்றும் கை எழும்பியது, பாதியில் நின்றது.

பொனட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தான். வெள்ளை எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். கழுவியதாகச் சொன்னேன். பெயின்ற் அடித்தாயா என்றான். இல்லை என்றேன். டிக்கியைத் திறக்கச் சொன்னான். நீலத் துணிகளைத் துவக்கு முனையால் கிளறினான். போத்தலைத் திறந்து மணந்து முகத்தைச் சுளித்தான்.

“மொகத்த மே?” இது என்ன?

“வினாகிரி.”

இரண்டு பாஷையிலும் சொல் ஒன்றுதான். அவன் நம்பவில்லை. எங்கே போகிறீர்கள் என்றான். தூதரகத்துக்கு என்றேன். அக்கா அழைப்புக் கடிதத்தை ஜன்னலால் நீட்டினார். அவன் ஆங்கிலத்தை மெதுவாக வாசித்தான், முகம் இளகியது. கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவும் செய்தான்.

அப்போதுதான் தையல் கடைக்காரர் தன் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினார். சிப்பாயிடம் நல்ல சிங்களத்தில் பேசினார். எங்கள் ஒழுங்கை ஆட்கள், மரியாதையான குடும்பம், கலியாணத்துக்குப் போகிறார்கள், மறிக்க வேண்டாம் என்றார்.

சிப்பாய் என்னைப் பார்த்தான். “திங்கட்கிழமையிலா கலியாணம்?”

கடைக்காரரும் என்னைப் பார்த்தார். “இல்லியா சேர்? நேத்து நீங்கதானே செல்லினீங்க?”

சிப்பாய் அதிகாரியைக் கூப்பிட்டான். அவர் கடைக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, காரை ஓரத்தில் விடச் சொன்னார். துணிகளையும் போத்தலையும் காரின் கூரைமேல் வைத்தார்.

“இரண்டு கதை. எது பொய்?”

“அவருக்குச் சொன்னதுதான் பொய்.”

“ஏன்?”

பொறாமை, மொட்டைக் கடிதம், பயம் எல்லாவற்றுக்கும் சிங்களச் சொற்கள் எனக்குத் தெரியும். ஒன்றையும் அவரிடம் சொல்ல முடியவில்லை.

“முன்வீட்டுக்காரனுக்கே பொய் சொல்லுற ஆள்,” என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். “எனக்கு மட்டும் உண்மை சொல்லுவாராம்.” அவர்கள் சிரித்தார்கள்.

போத்தலிலிருந்து கொஞ்சம் தார் ரோட்டில் ஊற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எஞ்சின் இலக்கம், அடையாள அட்டைகள், கொழும்பில் தங்கும் தமிழருக்கான பொலிஸ் பதிவு எல்லாம் தொலைபேசியில் சரிபார்க்கப்பட்டன. பெண் சிப்பாய் ஒருத்தி அக்காவின் கோவையிலிருந்த கலியாணப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா ஒருமுறை மட்டும் மணி கேட்டார். அப்போது எட்டரை தாண்டியிருந்தது.

தூதரக வாசலில் காவலாளி பட்டியலைப் பார்த்து, பெயர் கூப்பிட்டாயிற்று என்றான். திரும்ப விண்ணப்பம் போட்டுத்தான் வரவேண்டும் என்றான்.

காரில் அக்கா அழவில்லை.

“ஒன்பதுக்குக் கடை திறக்கிறவன் ஏழு மணிக்கு அதில என்ன செய்தவன்?”

“புறக்கோட்டையில துணி எடுக்கப் போயிருப்பார், அக்கா.”

“நீர் கண்டனீரோ?”

நான் காணவில்லை.

“அவனுக்குக் கலியாணக் கதை சொல்லச் சொல்லி ஆர் சொன்னது?”

“நீங்கள்தானே தலையாட்டினீங்கள்.”

“நான் ஒண்டும் சொல்ல வேண்டாமெண்டு ஆட்டினனான்.”

காரை எங்கள் ஒழுங்கைக்குள் திருப்பினேன். கடை திறந்திருந்தது. அவர் தையல் மெசினில் குனிந்திருந்தார், நிமிரவில்லை. எங்களைக் கண்டும் நிமிரவில்லையா, காணவில்லையா என்று என்னால் சொல்ல முடியாது.

அக்காவுக்கு அடுத்த அழைப்பு வர எட்டு மாதம் பிடித்தது. வந்ததை அவர் எனக்கோ என் மனைவிக்கோ சொல்லவில்லை. த்ரீவீலரில் தனியாகப் போய் வந்தார்.