பெக்தாஸ் பள்ளத்தாக்கில் இறங்கிய நாள்

அல்மாத்தி நகரத்திலிருந்து சாரின் பள்ளத்தாக்குக்கு வேன் ஓட்டுகிறவர்களில் பெக்தாஸைப் போல அந்த இடத்தைப் பற்றிப் பேசக்கூடியவர் யாரும் கிடையாது. சிவந்த பாறைகளுக்கு நடுவே நடக்கும்போது கேட்கும் காற்றின் ஊளை, அடியில் ஓடும் ஆறு, பாதி வழியில் அவர் வழக்கமாக முதுகைச் சாய்த்துக்கொள்ளும் ஒட்டகப் பாறை என்று எல்லாவற்றையும் விருந்துகளில் சொல்லிச் சொல்லி, கேட்பவர்களுக்கே கால் வலிக்க வைத்துவிடுவார்.

ஒரே ஒரு குறை. ஏழு வருஷத்தில் அவர் ஒரு நாளும் கீழே இறங்கியதில்லை. வழிகாட்டிப் பெண் ஷோல்பான் பயணிகளை அழைத்துக்கொண்டு இறங்குவாள். பெக்தாஸ் மேலேயே வேன் நிழலில் மற்ற ஓட்டுநர்களோடு டோமினோ ஆடிவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் படியில் முனகிக்கொண்டே ஏறுவார். மனைவி குல்யாஷ் பாவப்பட்டு, அவர் முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பு தேய்த்து, குதிரைக்கறியில் கொழுத்த துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைப்பாள்.

குல்யாஷுக்குப் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை. அந்த வருஷம் பள்ளி மூடியதும் கேன்டீன் பெண்களெல்லாம் எங்கேயாவது போய்வர முடிவு செய்தார்கள்.

"சாரினுக்குப் போறோம். உங்க வேன்தான்," என்றாள் தேநீரை ஊற்றிக்கொண்டே.

பெக்தாஸுக்கு, தேநீரோடு தின்றுகொண்டிருந்த பவுர்சாக் பணியாரம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "அங்க எதுக்கு? வெயில் மண்டையப் பொளக்கும். பாம்பு வேற."

"நீங்க தினம் இறங்கி ஏறுறீங்கல்ல? உங்களக் கடிக்காத பாம்பு எங்களயா கடிக்கப் போவுது?"

மறுநாளே ஷோல்பானைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினார். "தங்கச்சி, நான் தினமும் உங்கூட கீழ வர்றேன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடும்மா."

"பொய் சொன்னா எனக்குச் சிரிப்பு வந்துடும்ணே. ஒண்ணு வேணா செய்யிறேன். வாயே தொறக்க மாட்டேன்."

சனிக்கிழமை போய்ச் சேர்ந்ததும் ஷோல்பான் தன் சட்டங்களைச் சொன்னாள். பிளாஸ்டிக் கூடாது, பாதையை விட்டு விலகக்கூடாது, கொண்டுபோகிற குப்பை, பழத்தோல் உட்பட, திரும்ப மேலே வரவேண்டும், களைப்பாக இருக்கிறதென்று, காசுக்கு ஆட்களை மேலே ஏற்றிப்போகும் புழுதி கிளப்பும் லாரியில் ஏறக்கூடாது. பெக்தாஸ் வேன் கதவைத் தடவிக்கொண்டே, "வண்டிய யாராவது பாத்துக்கணுமே," என்று இழுத்தார்.

"அதான் இத்தனை ஓட்டுநருங்க இருக்காங்களே. வாங்க, நீங்கதான் முன்னாடி நடக்கணும்," என்றாள் குல்யாஷ். டோமினோக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, பெக்தாஸ் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாதை பிரிகிற இடத்தில் சற்றும் தயங்காமல் இடப்பக்கம் திரும்பினார். கேன்டீன் பெண்கள் எட்டுப் பேரும் அவர் பின்னாலேயே போனார்கள். பாதை கழிப்பறை வாசலில் போய் முடிந்தது.

"முதல்ல இங்க வந்துட்டுப் போறது நல்லது," என்றார் பெக்தாஸ், கம்பீரமாக.

ஷோல்பான் கொடுத்த வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை. ஆனால் தோள் குலுங்கியது.

படிகளில் இறங்கி உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் பாறைகள் உயர்ந்துகொண்டே போயின. "உங்க ஒட்டகப் பாறை எங்க?" என்று குல்யாஷ் கேட்டாள். அவர் ஒன்றைக் காட்டினார்.

"இதுவா? நம்ம தலைமையாசிரியர் கோவமா நிக்கிற மாதிரில்ல இருக்கு," என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு வழியெல்லாம் பாறைகளில் பள்ளிக்கூட ஊழியர் ஒவ்வொருவரையும் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பெக்தாஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஆறு வந்தது. அது அமைதியாக ஓடும், தினமும் அதில் நின்று கால் கழுவுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார். அதுவோ பாறைகளில் மோதி, நுரைத்து, பேச்சே கேட்காதபடி இரைந்துகொண்டு போனது. ஆட்டை விட்டால் ஆடு போய்விடும்.

குல்யாஷ் ஆற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இதுலயா நின்னு கால் கழுவினீங்க?"

பெக்தாஸ் தொப்பியைக் கழற்றினார். "ஒரு தடவ படி வரைக்கும் வந்திருக்கேன்," என்றார். "காத்து ஜாஸ்தியா இருந்துச்சு. திரும்பிட்டேன்."

ஷோல்பானால் அதற்குமேல் முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குல்யாஷ் மட்டும் சிரிக்கவில்லை. "ஏழு வருஷமா என் கையெல்லாம் கொழுப்பு நாத்தம்," என்று சொல்லிவிட்டுக் கரையோரம் போய் உட்கார்ந்தாள்.

வசவு வரும் என்று பெக்தாஸ் காத்திருந்தார். வரவில்லை. மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கப் பாறைச் சுவரில் வெயில் ஏற ஏற நிறம் மாறிக்கொண்டே வந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டா மேலே தூங்கினோம் என்று அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"நான் சொன்னதவிட நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"நீங்க சொன்னதும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். அப்போதுதான் அவள் உதடு கோணி, சிரிப்பு வந்தது.

குல்யாஷ் கொண்டுவந்த மூட்டையைப் பிரித்துப் பரிமாறிய சாப்பாட்டில் ஷோல்பான் மயங்கிப்போனாள். கடைச் சாப்பாட்டோடு வரும் அட்டை, தாள் எதுவும் இல்லை. எல்லாம் துணியில் முடிந்து கட்டியவை. "அக்கா, எங்க பயணத்துக்கெல்லாம் நீங்களே செஞ்சு குடுங்களேன்?"

"செய்யிறேன். ஆனா கீழ வரைக்கும் தூக்கிட்டு வர்றது இவரு. குப்பைய மேல கொண்டுபோறதும் இவருதான்."

மேலே ஏறும்போது லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்துபோனது. பெக்தாஸ் அதை, ரயிலேறும் உறவினரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். குல்யாஷ் பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

இப்போது அவர் சனிக்கிழமைதோறும் மூட்டையோடு இறங்குகிறார், குப்பைப் பையோடு ஏறுகிறார். போன வாரம் ஒரு ஜெர்மன்காரர் ஆரஞ்சுத் தோலைப் பாறைக்குப் பின்னால் போட்டுவிட்டு, மண்ணோடு மக்கிவிடும் என்று வாதாடினாராம். பெக்தாஸ் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார். "இந்த இடம் எனக்கு வீடு மாதிரி சார். எடுங்க," என்றார், அங்கேயே பிறந்து வளர்ந்தவரைப் போல.